ரெக்கார்டிங் ரூமுக்கு ஃபோமா, ராக்வூலா?

நண்பர்களே, ஆடியோ கதைகள் பதிவு செய்யப் பத்துக்குப் பத்து ரூம். டைல்ஸ் தரை, கான்கிரீட் கூரை. கை தட்டினால் சுவருக்குச் சுவர் 'டிர்ர்ர்' என்று எதிரொலிக்கிறது. சுவரில் ஒட்டும் ஃபோம் வெளியிலிருந்து வரும் சத்தத்தைத் தடுக்காது என்பது தெரியும், அதனால் தெரு ஹாரனைப் பற்றிக் கேட்கவில்லை. 1 அங்குல ஃபோம் கீச்சொலியை மட்டும் உறிஞ்சிவிட்டு, என் கட்டைக்குரலின் 'கும்'மை அப்படியே விட்டுவிடுமே என்றுதான் கவலை. 2 அங்குலம் போதுமா, இல்லை மரச்சட்டத்தில் 4 அங்குல ராக்வூல் (கல்லை உருக்கி இழையாக்கிய பஞ்சுப் பலகை) வைத்துத் துணி போர்த்துவதா? முதலில் எங்கே வைக்கலாம், என் முதுகுக்குப் பின்னாலா, மூலைகளிலா? வாடகை வீடு வேறு. பசை போட்டால் பெயின்ட்டோடு உரிந்து வரும், ஓனர் சும்மா விடமாட்டார். ஒட்டாமல் மாட்ட வழி உண்டா? எளிதில் தீப்பிடிக்காத ஃபோம் சென்னையில் எங்கே கிடைக்கும்? முட்டை அட்டை யோசனை மட்டும் வேண்டாம், ப்ளீஸ்.