ஏரிக்கரைக் கடைக்கு கிரீஸ் டிராப்: யோசனை சொல்லுங்கள்

வணக்கம். கொடைக்கானல் ஏரிக்குப் பக்கத்தில் டிபன் கடை வைத்திருக்கிறோம். பாத்திரம் கழுவும் தண்ணீர் ஓடை வழியாக ஏரிக்குத்தான் போகிறது. குளிரில் எண்ணெய் உறைந்து, வாய்க்கால் ஓரமெல்லாம் வெள்ளையாகப் படிந்து கிடக்கிறது. பார்க்க மனசு கேட்கவில்லை. அதனால் கழுவிய தண்ணீரிலிருந்து எண்ணெயையும் கொழுப்பையும் பிரித்துப் பிடிக்கும் தொட்டியான கிரீஸ் டிராப் வைக்க நினைக்கிறோம்.

அண்ணன் கப்பலில் வேலை பார்க்கிறார். கழிவறைத் தண்ணீரைச் சுத்திகரிக்காமல் கரையிலிருந்து 12 கடல் மைலுக்குள் விட, கப்பல்கள் கடலை மாசுபடுத்தாமல் தடுக்கும் சர்வதேச ஒப்பந்தமான மார்போலின் விதி விடாது. சமையலறை, குளியல் தண்ணீருக்கு அந்த விதி கிடையாது. ஆனாலும் துறைமுகத்தில் நிற்கும்போது அதையும் தொட்டியில் பிடித்துவைத்து, லாரியில் ஏற்றி அனுப்புவார்களாம். நடுக்கடல் போகிற கப்பலுக்கே அவ்வளவு கவனம் என்றால், தேங்கி நிற்கிற ஏரிக்கு இன்னும் கூடுதலாக வேண்டாமா?

தினமும் சுமார் 300 லிட்டர் வருகிறது. கிரீஸ் டிராப் எந்த அளவில் வைக்கலாம்? அப்புறம், தண்ணீரை வடிகட்டக் கல்வாழை நட்ட சரளைப் படுகை இங்குள்ள உறைபனிக்குத் தாங்குமா? வழித்தெடுத்த கொழுப்பை என்ன செய்கிறீர்கள்? மலையில் இதைச் செய்தவர்கள் படத்தோடு சொன்னால், மழைக்கு முன்பே வேலையைத் தொடங்கிவிடுவோம்.