மூன்றாம் வகுப்பு: பாடத்தை ஒப்பிக்கிறாள், புதுச் சொல் வாசிக்க வரவில்லை

திருமங்கலம் அப்பா:
மகள் அரசுப் பள்ளியில் மூன்றாவது படிக்கிறாள். தமிழ்ப் புத்தகத்தைக் கடகடவென்று வாசிக்கிறாள். அதே சொல்லைக் கடைப் பலகையில் காட்டினால் முழிக்கிறாள். சொல்வதை எழுதச் சொன்னால் 'பழம்' 'பளம்' ஆகிறது, 'கொடி' 'கெடி' ஆகிறது. தினம் ஒரு பக்கம் பார்த்து எழுத வைக்கிறோம். எங்கிருந்து பிடிப்பது?

மேலூர் டீச்சர்:
அது வாசிப்பு இல்லை சார், மனப்பாடம். உறுதி செய்ய, பாடத்தில் ஒரு வரியைக் கடைசிச் சொல்லிலிருந்து பின்னோக்கி வாசிக்கச் சொல்லுங்க. பிறகு பொருளே இல்லாத சொல் நாலு எழுதிக் காட்டுங்க: தோமி, கெபு, பூடை, மொசா. எதில் நிற்கிறாளோ அதைக் குறித்துக்கோங்க. 247 எழுத்தையும் அகரத்திலிருந்து மறுபடி ஓட்ட வேண்டாம். தடுக்குவது பெரும்பாலும் கொம்பு வாங்கும் எழுத்துதான். 'கெ'யில் கண்ணுக்கு முதலில் படுவது கொம்பு, வாயில் முதலில் வருவது க். 'கொ'வுக்கோ இரண்டு பக்கமும் குறி. எழுதும்போது துணைக்கால் விட்டுப்போனால் 'கெ'. உங்க 'கெடி' அப்படி வந்ததுதான்.

பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையை வெட்டி க, ட, ப, ம, த எழுதுங்க. ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, துணைக்கால் தனித்தனி அட்டையில். 'ப' வையுங்க, வாசிக்கட்டும். இடப்பக்கம் ஒற்றைக்கொம்பு வந்தால் 'பெ'. வலப்பக்கம் கால் சேர்த்தால் 'பொ'. கொம்பை மட்டும் எடுத்தால் 'பா'. பத்து நிமிஷம், ஒரு நாளைக்கு இரண்டு எழுத்து, அதற்கு மேல் இழுக்காதீங்க. அரசுப் பள்ளிகளில் நடக்கும் 'எண்ணும் எழுத்தும்' திட்ட வகுப்பில் அரும்பு, மொட்டு, மலர்னு மூணு நிலை இருக்கு. பிள்ளை எதில் இருக்கிறாள்னு வகுப்பு டீச்சரிடம் கேட்டுக்கோங்க.

செல்லூர்க்காரர்:
பார்த்து எழுதுறதை முதல்ல நிறுத்துங்க. 'மரம்' பத்து தடவைன்னா பிள்ளைங்க என்ன செய்யும்? மேலிருந்து கீழே பத்து ம, அப்புறம் பத்து ர, அப்புறம் பத்து ம்-னு இறக்கிடும். கை வலிக்கும், சொல் ஏறாது. ஒரு சொல்லைக் காட்டி, மூடி, நினைவிலிருந்து எழுதச் சொல்லி, திறந்து அவளையே திருத்த விடுங்க. நாளுக்கு ஐந்து சொல் போதும்.

இன்னொன்று, உகர வரிசை. கு, ஙு, சு, ஞு-ன்னு அட்டவணைப்படி ஓட்டினால் குழம்பும், ஏன்னா வடிவம் ஒன்றுபோல இல்லை. குடும்பமாகப் பிரிங்க: சு, பு, யு, வு நேரே கீழே இறங்கும். து, நு, று, லு, ணு, னு வளைந்து வந்து வலப்பக்கம் காலூன்றும். கு, டு, மு, ரு, ழு, ளு மூணாவது கூட்டம். 'கூ' யாரோடும் சேராது, அதைத் தனியாகத்தான் பழக்கணும்.

பஸ் போர்டு:
'பளம்' பற்றி யாரும் சொல்லலையே. நம்ம ஊர்ப் பேச்சில் ழ, ள-வாகத்தான் ஒலிக்குது. பாப்பா காதில் கேட்டதை ஒழுங்காத்தான் எழுதியிருக்கு, திட்டாதீங்க அண்ணே. இதைக் கண் வழியாகத்தான் திருத்த முடியும். டவுன் பஸ் போர்டுகளைக் காட்டுங்க: பழங்காநத்தம், சோழவந்தான். வீட்டுக்கு வந்ததும் பார்க்காமல் எழுதட்டும்.

ண, ன, ந சந்தேகத்துக்கும் போர்டே போதும். ட-வுக்கு முன்னால் ண்: வண்டியூர். ற-வுக்கு முன்னால் ன்: திருப்பரங்குன்றம். த-வுக்கு முன்னால் ந்: சோழவந்தான். சொல்லின் முதலில் ந மட்டும்தான் வரும். 'மணி', 'பனி' மாதிரிச் சொல்லுக்கு இந்த விதி உதவாது, அதை வாசித்து வாசித்துத்தான் பழகணும்.

திருமங்கலம் அப்பா:
ட-வுக்கு முன்னால் எப்பவுமே ண்-தானா?

பஸ் போர்டு:
தமிழ்ச் சொல்லில் எப்பவுமே. 'சென்ட்', 'பேன்ட்' மாதிரி இங்கிலீஷ் சொல்லில் ன் போடுறாங்க. அதை இப்போ பாப்பாவிடம் எடுக்காதீங்க.