அந்தமானுக்குக் குடிபோகலாமா? அங்கே இருப்பவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். என் கணவருக்குப் போர்ட் பிளேரில், அதாவது இப்போதைய ஸ்ரீ விஜயபுரத்தில், வேலை கிடைத்திருக்கிறது. மதுரையிலிருந்து ஏழு வயது மகளோடு போய்விடலாமா என்று இரண்டு வாரமாக யோசிக்கிறோம்.

போன மாதம் போய்ப் பார்த்தோம். நல்ல காற்று, கடைத்தெருவில் காதில் விழும் தமிழ், எல்லாம் பிடித்துவிட்டது. 2020-இல் சென்னையிலிருந்து கடலடி கேபிள் வந்தபிறகு இணையமும் பரவாயில்லை. ஆனால் தங்கிய வீட்டு வாசலில் நீல டிரம்கள் வரிசையாக நின்றன. குழாயில் தினமும் தண்ணீர் வராதாம். அதுதான் உறுத்துகிறது.

அப்புறம், மாமியாருக்கு இதய நோய். அவசரமென்றால் சென்னைக்கு விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல். கப்பலென்றால் மூன்று நாள். அவரையும் அழைத்துப் போகலாமா? கோடையில் தண்ணீருக்கு என்ன செய்கிறீர்கள்? தமிழ் சொல்லித்தரும் பள்ளி எந்தப் பக்கம் இருக்கிறது? இந்த மாதக் கடைசிக்குள் பதில் சொல்லியாக வேண்டும்.