விவசாயக் கண்காட்சியில் பார்த்தவர்களைத் தொடர்பில் வைத்திருப்பது எப்படி?

பட்டறைக்காரன்:
வணக்கமுங்க. கோவையில் தென்னை மட்டை தூளாக்கும் மெஷின் செய்கிற சின்னப் பட்டறை எங்களுடையது. வருகிற ஜூலையில் கொடிசியா என்கிற சிறுதொழில் சங்கம் நடத்தும் அக்ரி இன்டெக்ஸ் கண்காட்சியில் ஸ்டால் போடுகிறோம். மட்டையை உள்ளே விட்டுக் காட்டினால் கூட்டம் சேர்ந்துவிடும், அதில் குறையில்லை. நோட்டில் பெயரும் நம்பரும் எழுதிவிட்டுப் போவார்கள். ஆகஸ்டில் போன் போட்டால் "எந்த மெஷினுங்க?" என்கிறார்கள். போன முறை தொடங்கிய வாட்ஸாப் குரூப்பில் இப்போது காலை வணக்கமும் கடன் விளம்பரமும்தான். இன்ஸ்டா, ஃபேஸ்புக், யூடியூப் எல்லாவற்றிலும் இறங்கு என்கிறான் மகன். எதில் இறங்குவது?

மஞ்சள்மண்டி:
இன்ஸ்டா எதற்குங்க? உங்களிடம் வாங்குகிறவர் யூடியூபில் இருக்கிறார். மெஷின் ஓடுகிற சத்தத்தோடு வீடியோ போடுங்க, பாட்டு வேண்டாம்.

ஆனைமலைத்தோப்பு:
தோப்புக்காரனாகச் சொல்கிறேன். உங்கள் கம்பெனி பெயரில் குரூப் இருந்தால் நானும் சேருவேன், மறுநாளே மியூட் பண்ணிவிடுவேன்.

எங்கள் பக்கத்துக் குரூப் ஒன்று இன்னும் உயிரோடு இருக்கிறது. காரணம் யாருடைய சாமர்த்தியமும் இல்லை, தென்னை ஓலையில் சாறு உறிஞ்சுகிற வெள்ளை ஈ. 2016-ல் பொள்ளாச்சிப் பக்கம் சுருள் வெள்ளை ஈ வந்ததிலிருந்து தோப்புக்காரன் எவனுக்கும் நிம்மதியில்லை. ஓலையைத் திருப்பி அடிப்பக்கத்தைப் படம் எடுத்துப் போடுவார்கள். "இது அதுதானா?" என்று ஒரு வாய்ஸ் மெசேஜ். ஆழியாறு தென்னை ஆராய்ச்சி நிலையத்துக்குப் போய்வந்தவர், மருந்து அடிக்காதே, அந்த ஈயை அழிக்கிற என்கார்சியா ஒட்டுண்ணி செத்துப்போகும் என்பார். ஒட்டுண்ணி பிடித்த ஓலைத் துண்டு என் தோப்பில் இருக்கிறது, வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்பார் இன்னொருவர். அந்தக் குரூப்பில் இருந்துதான் ஒரு வேன் பேசிக் கண்காட்சிக்கு வருகிறோம்.

உங்கள் விஷயத்தில் ஈ இல்லை, மட்டை இருக்கிறது. மட்டையை எரிக்கிறவர், வரப்பில் குவித்து வைத்திருக்கிறவர், தூளை மரத்தடி மண்ணை மூடி மூடாக்குப் போட்டவர், எல்லாருக்கும் சொல்ல ஏதாவது இருக்கும். கறையான் வருமா, காய்ந்த மட்டை நல்லதா பச்சை மட்டை நல்லதா, இதையெல்லாம் இப்போதே கேட்க வையுங்கள். ஜூலைக்குக் காத்திருக்காதீர்கள். இந்த மாதமே ஆனைமலைப் பக்கம் ஒரு தோப்பில் மெஷினைக் கொண்டுவந்து ஓட்டுங்க. மூடாக்குப் போட்ட மரத்தைப் போகப்போக அந்தத் தோப்புக்காரரே படம் எடுத்துப் போடட்டும். நீங்கள் போட்டால் அது விளம்பரம். கண்காட்சி அன்று அவரையே ஸ்டாலில் ஒரு மணி நேரம் உட்கார வையுங்கள், நேரத்தை முன்கூட்டியே குரூப்பில் சொல்லிவிடுங்கள். அவரிடம் பேசத்தான் ஆட்கள் வருவார்கள். உங்கள் மகன் ஓரமாக நின்று மெஷினை ஓட்டினால் போதும்.

செல்போன்கடை:
பழைய குரூப்பைக் கம்யூனிட்டிக்குள் கொண்டுவாருங்கள், பல குரூப்பை ஒரே குடையின் கீழ் வைக்கிற வசதி அது. வாட்ஸாப்பில் 2022-லிருந்தே இருக்கிறது. அதன் அறிவிப்புப் பகுதியில் புது அறிவிப்பை அட்மின் மட்டும்தான் போட முடியும், சேர்ந்தவர்கள் நம்பர் ஒருவருக்கொருவர் தெரியாது. சாதாரணக் குரூப்பில் எல்லார் நம்பரும் எல்லாருக்கும் தெரியும், கடன் விளம்பரக்காரன் அதற்காகத்தான் உள்ளே வருகிறான். 1024 பேருக்கு மேல் சேர்க்கவும் முடியாது. பேசுவதற்கு ஊர்வாரியாகச் சின்னக் குரூப் வைத்து, அட்மின் ஒப்புதல் இல்லாமல் யாரும் நுழையாதபடி செட்டிங் மாற்றிவிடுங்கள். ஸ்டாலில் கியூஆர் அட்டையை மட்டும் ஒட்டிவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். வயதானவர்கள் போனை உங்கள் கையிலேயே கொடுத்துவிடுவார்கள், நீங்களேதான் சேர்த்துவிட வேண்டும்.

பட்டறைக்காரன்:
ரொம்ப நன்றிங்க. தோப்புக்கு வர நாங்கள் தயார். ஒரு சந்தேகம், விலையைக் குரூப்பிலேயே சொல்லலாமா? போட்டிக்காரர்களும் பார்ப்பார்களே.

ஆனைமலைத்தோப்பு:
போட்டிக்காரர் ஸ்டாலுக்கே வந்து கேட்டுவிட்டுப் போவார். விலையைப் போடுங்க தம்பி. "இன்பாக்ஸ் பாருங்க" என்றாலே எங்களுக்கு எரிச்சல். மானியம் உண்டா இல்லையா என்று வேளாண்மைப் பொறியியல் துறை ஆபீசில் விசாரித்து அதையும் சேர்த்துப் போடுங்க. முதல் கேள்வியே அதுதான் வரும்.