இரட்டை விண்மீன்களின் சுற்றுக்காலத்தில் 2 மணி நேரத்துக்கும் 3 மணி நேரத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி

கேள்வி:
ஒரு வெண் குறுமீனும் (எரிபொருள் தீர்ந்த விண்மீனின் அடர்ந்த எச்சம்), அதற்குத் தன் வாயுவைக் கொடுத்துக்கொண்டிருக்கும் சிறிய விண்மீனும் கொண்ட இரட்டைகளைப் பற்றிப் படித்து வருகிறேன். கோண உந்தம் (சுற்றும் இயக்கத்தின் அளவு) குறையக் குறைய இவற்றின் சுற்றுக்காலமும் குறைகிறது என்றால், எல்லாச் சுற்றுக்காலங்களிலும் இவை தென்பட வேண்டும் அல்லவா? ஆனால் 2 முதல் 3 மணி நேரச் சுற்றுக்காலம் உடையவை மிகச் சிலவே. அந்தப் பகுதியை அவை எப்படிக் கடக்கின்றன?

மறுமொழி 1:
கடந்துதான் வருகின்றன, ஆனால் ஒளிராமல் கடக்கின்றன. எடை குறைந்த விண்மீன் எடை கூடியதற்கு வாயுவைக் கொடுக்கும்போது சுற்றுப்பாதை விரியவே முயலும் என்பதால், கோண உந்தம் தொடர்ந்து வெளியேறினால்தான் இந்தக் கொடை நீடிக்கும். 3 மணிக்கு மேல் அதை வெளியேற்றுவது கொடையாளி விண்மீனின் காந்தப்புலம். அதிலிருந்து வீசும் காற்றைக் காந்தப்புலம் வெகுதொலைவு வரை பிடித்துச் சுழற்றுவதால், சிறிதளவு வாயுவே பெரும் கோண உந்தத்தைக் கொண்டுபோய்விடுகிறது. விண்மீனின் தற்சுழற்சி ஓத விசையால் சுற்றுப்பாதையோடு பூட்டப்பட்டிருப்பதால், அந்த இழப்பைச் சுற்றுப்பாதையே ஈடுசெய்கிறது.

வாயுவை விரைவாக இழக்கும் கொடையாளி, தன் நிறைக்கு உரிய அளவைவிடச் சற்று உப்பியிருக்கும். சுமார் 3 மணியில் அதன் உட்பகுதி முழுவதும் வெப்பச்சலனத்துக்கு (சூடான வாயு மேலெழுந்து, குளிர்ந்தது கீழிறங்கும் ஓட்டம்) மாறுகிறது. காந்தப்புலம் கோண உந்தத்தை வெளியேற்றும் இந்தக் காந்தத் தடையும் வெகுவாகத் தளர்கிறது. கொடையாளி இயல்பான அளவுக்குச் சுருங்க, வாயு ஓட்டம் நின்றுவிடுகிறது; அதனால்தான் அவை ஒளிராமல் போகின்றன. பிறகு முதன்மையாக ஈர்ப்பலைகளே (சுற்றும் நிறைகள் வெளியில் எழுப்பும் அலைகள்) சுற்றுப்பாதையை மெல்லச் சுருக்கி, 2 மணியில் வாயு ஓட்டத்தை மீண்டும் தொடங்கிவைக்கின்றன.

மறுமொழி 2:
ஒரு திருத்தம். அந்தக் கட்டத்தில் காந்தப்புலமே மறைந்துவிடுவதாகச் சிலர் எழுதுவது சரியன்று. முழுதும் வெப்பச்சலனம் கொண்ட தனி விண்மீன்கள் பலவற்றில் வலுவான காந்தப்புலம் அளக்கப்பட்டுள்ளது. புலத்தின் வடிவம் மாறுவதால் தடை தளர்கிறது என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. இடைவெளியின் இரு கரைகளிலும் உள்ள கொடையாளிகள் ஏறத்தாழ 0.2 சூரிய நிறை என ஒரே நிறை உடையவையாக இருந்தும், மேற்கரையில் (3 மணி நேரப் பக்கம்) உள்ளவை பருமனாக இருக்கின்றன. முதல் மறுமொழியில் சொன்ன உப்பலுக்கு இதைவிட நேரான சான்று வேண்டியதில்லை.

கேட்டவர்:
நன்றி. சுற்றுக்காலம் மேலும் குறைந்து 80 நிமிடத்தை எட்டிய பிறகு அவை மோதிவிடுமா?

மறுமொழி 1:
இல்லை. அதற்குள் கொடையாளி பழுப்புக் குறுமீன் (விண்மீனாக எரிய நிறை போதாத பொருள்) போலாகிவிடுகிறது. நிறையை இழந்தாலும் அது சுருங்காததால், சுற்றுக்காலம் திரும்பவும் கூடத் தொடங்குகிறது. ஈர்ப்பலைகளை மட்டும் கணக்கில் கொண்டால் இந்தத் திருப்பம் 65 முதல் 70 நிமிடத்தில் வர வேண்டும். வானில் காண்பதோ 80 நிமிடத்தை ஒட்டி. ஆகவே இடைவெளிக்குக் கீழேயும் கோண உந்தம் வேறு ஏதோ வழியில் சிறிது கசிகிறது.