ஓவிய வகுப்பில் நடத்தைக்கும் மதிப்பெண்ணா?

வண்ணக்குச்சி:
எங்கள் தொடக்கப் பள்ளியில் ஓவியத்துக்கு ஒரே கிரேடு. அதில் பாதி படத்துக்கு, பாதி நடத்தைக்கு. மூன்றாம் வகுப்பில் ஒரு பையன், வண்ணம் கலப்பதில் கெட்டிக்காரன், ஆனால் வாய் ஓயாது. அவனுக்கு ‘சி’ போட வேண்டியதாயிற்று. அதைப் பார்க்கும் பெற்றோர் பையனுக்கு வரைய வராது என்றுதானே நினைப்பார்கள்? இரண்டையும் தனித்தனியாகப் போட வேண்டும் என்கிறேன்.

தூரிகை:
ஒப்புக்கொள்ள மாட்டேன். தூரிகையைத் தலைகீழாகத் தண்ணீரில் ஊறவிட்டால் மயிர் வளைந்துவிடும், அடுத்த வகுப்புப் பிள்ளைகளுக்கு அது உதவாது. இந்தப் பாடத்தில் ஒழுங்கும் வேலையும் ஒன்றுதான். மதிப்பெண் இல்லை என்று தெரிந்தால் ஓவிய பீரியட் அரட்டை பீரியட் ஆகிவிடும்.

வண்ணக்குச்சி:
தூரிகை கழுவுவது செய்திறன். தாராளமாக மதிப்பெண் போடுங்கள். பேச்சுக்கு ஏன் படத்தில் வெட்டு?

கடைசிபெஞ்சு:
நான் பெற்றோர் தரப்பு. மதிப்பெண்ணே எதற்கு? 1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற உளவியலாளர்கள் மூவரும் பாலர் பள்ளியில் ஒரு சோதனை செய்தார்கள். வரைந்தால் சான்றிதழ் உண்டு என்று முன்பே சொல்லப்பட்ட பிள்ளைகள், பிறகு தாமாக வரைவது குறைந்துவிட்டது. சொல்லாமல் திடீரென்று கொடுத்த பிள்ளைகளிடம் அந்தக் குறைவு இல்லை.

தூரிகை:
அது பரிசு பற்றிய சோதனை சார், கிரேடு பற்றியதல்ல. அதோடு, ஏற்கெனவே வரைய ஆசையுள்ள பிள்ளைகளைத்தான் எடுத்தார்கள். கிரேயானைத் தொடவே தயங்குகிற பிள்ளைக்கு அதை அப்படியே பொருத்த முடியாது.

கடைசிபெஞ்சு:
சரி, படத்தில் எதைப் பார்த்துப் போடுகிறீர்கள்? அழகா?

வண்ணக்குச்சி:
அழகைப் பார்த்தால் கை நடுங்காத பிள்ளைதான் எப்போதும் ஜெயிக்கும். ஓவியக் கல்வி அறிஞர் லோவன்ஃபெல்ட் 1947-இலேயே எழுதிவிட்டார்: ஏழு முதல் ஒன்பது வயதில் பிள்ளைகள் கீழே ஒரு தரைக்கோடு போட்டு வீடு, மரம், ஆள் எல்லாவற்றையும் அதன்மேல் நிறுத்துவார்கள். ‘தூரம் தெரியவில்லை’ என்று அதற்குக் குறைத்தால் வயதுக்குத்தான் தண்டனை. அன்றைக்குச் சொல்லிக்கொடுத்ததைச் செய்து பார்த்தார்களா என்பதுதான் என் அளவுகோல். ஆரஞ்சு கலக்கச் சொன்னால், சிவப்பைக் கூட்டிக் குறைத்து இரண்டு மூன்று விதம் வந்ததா? எப்படி வந்தது என்று கேட்டால் பிள்ளை சொல்லுகிறதா? அது போதும்.

தூரிகை:
வாரத்துக்கு ஒரு பீரியடில் ஒவ்வொருவரிடமும் கேட்டு முடியுமா? மணி அடிப்பதற்குள் மேசை துடைக்கவே நேரம் இருக்காது.

வண்ணக்குச்சி:
ஒரு வகுப்புக்கு ஒரு வரிசையிடம் மட்டும் கேட்கிறேன். மற்றவர்கள் படத்தின் பின்பக்கம் ஒரு வரி எழுத வேண்டும்.

தூரிகை:
அந்த ஒரு வரியை வேண்டுமானால் முயன்று பார்க்கிறேன். எழுத வராத ஒன்றாம் வகுப்புக்கு என்ன செய்வது? நடத்தையை நான் இன்னும் விடவில்லை!