யாரைப் பார்க்க வந்தீர்கள்?

டோக்கியோவில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. ஒருநாள் பக்கத்து மேசைக்காரர் தயங்கித் தயங்கி ஒரு நோட்டீஸை நீட்டினார். அவர் பேஸ் கிட்டார் வாசிக்கும் ராக் குழுவுக்கு ஷிமோகிதாசாவாவில் நிகழ்ச்சியாம்.

பழைய துணிக்கடைகளும் சின்னச் சின்ன நாடக அரங்குகளும் நெருக்கியடிக்கும் பகுதி அது. 1991-இல் தொடங்கிய ஷெல்டர் போன்ற பேர்பெற்ற லைவ் ஹவுஸ்களும், அதாவது குழுக்கள் நேரடியாக வாசிக்கும் சிறு இசை அரங்குகளும், அங்கேதான் இருக்கின்றன. நான் போனது இன்னும் சின்ன இடம். செங்குத்தான படியில் இறங்கினால் ஒரு நிலவறை; நூறு பேர் நின்றால் நிறைந்துவிடும். டிக்கெட் 2,000 யென், குடிக்க ஏதாவது கட்டாயம் வாங்க வேண்டும் என்று மேலும் 600 யென்.

காசை வாங்கிக்கொண்ட பெண், "இன்று யாரைப் பார்க்க வந்தீர்கள்?" என்று கேட்டார். அன்று ஐந்து குழுக்கள். ஒருவரை மட்டும் சொன்னால் நன்றாக இருக்காது என்று நினைத்து, "எல்லோரையும்" என்றேன்.

ஒவ்வொரு குழுவுக்கும் அரை மணி நேரம்தான். டிரம்ஸும் ஆம்ப்ளிஃபயரும் அரங்கத்துடையவை; டிரம்மர்கள் ஸ்னேர் என்ற சின்ன டிரம்மையும் பெடலையும் மட்டும் சுமந்து வருகிறார்கள். ஒரு குழு இறங்கி அடுத்த குழு ஏறும் பத்து நிமிடத்தில், இறங்கியவர்களே அடுத்தவர்களுக்கு ஒயர் எடுத்துக் கொடுக்கிறார்கள். அலுவலகத்தில் வாய் திறக்காத என் நண்பர் மேடையில் கண்ணை மூடிக்கொண்டு வாசித்தார். அந்த பேஸ் ஒலி காதுக்கு வருமுன் நெஞ்செலும்பில் அதிர்ந்தது. எவ்வளவு பெரிய அரங்கிலும் எனக்கு அப்படி ஆனதில்லை.

எல்லாம் முடிந்து அரங்கத்தாரிடம் கணக்கு முடிக்கும்போதுதான் விஷயம் புரிந்தது. 'நோருமா' என்கிறார்கள், ரஷ்ய மொழியிலிருந்து வந்த சொல். ஒவ்வொரு குழுவும் இத்தனை டிக்கெட் விற்றாக வேண்டும், குறைந்தால் மீதியைக் கைக்காசிலிருந்து கட்ட வேண்டும். நண்பரின் குழுவுக்கு 20. வந்தவர்கள் 11 பேர். குறைந்த 9 டிக்கெட்டுக்கு 18,000 யென், நான்கு பேரும் ஆளுக்கு 4,500 போட்டுக் கட்டினார்கள். வாசலில் நான் பெயர் சொல்லியிருந்தால் என் டிக்கெட்டும் அவர்கள் கணக்கில் சேர்ந்திருக்கும். அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை.

அரங்கத்துக்கும் வாடகை, ஒலிப்பொறியாளர் சம்பளம் எல்லாம் இருக்கிறதுதான். ஆனாலும் பகலெல்லாம் வேலை பார்த்து, வாசிப்பதற்குக் கைக்காசும் கட்டும் பிள்ளைகளை நினைத்தால் மனம் பொறுக்கவில்லை. இங்கே இருப்பவர்கள் யாராவது போனால், தயவுசெய்து ஒரு குழுவின் பெயரைச் சொல்லுங்கள். காதில் வைக்கப் பஞ்சும் கொண்டு போங்கள்.

அடுத்த நிகழ்ச்சிக்கு அறைத் தோழர்கள் இருவரையும் இழுத்துக்கொண்டு போனேன். அதே பெண், அதே கேள்வி. மூவரும் ஒரே பெயரைச் சொன்னோம். இங்கே ஆள் எண்ணுவதற்கு ஐந்து கோடு கொண்ட ஓர் எழுத்தை, ஆளுக்கு ஒரு கோடாக எழுதுவார்கள். அந்தப் பெண் நண்பரின் குழுவின் பெயருக்கு எதிரே மூன்று கோடுகள் இழுத்தார். மூன்றாவது எழுத்து முடிந்தது. பதினைந்து. இன்னும் ஐந்து பேர் வர வேண்டும். விளக்கு அணையும்வரை நான் படியையே பார்த்துக்கொண்டு நின்றேன்.